தீர்ப்பும் திருத்தமும்: ருஷ்ய இலக்கியத்தில் இரு வழக்குகள்

சைபீரியாவில் ஓம்ஸ்க் நகரத்துச் சிறைக் கோட்டையிலே, தந்தையைக் கொன்றவன் என்று பெயர் பெற்ற கைதி ஒருவன் இருந்தான். உயர்குடியிற் பிறந்தவன், படையிலே பணிபுரிந்தவன். ஊதாரித்தனத்தால் கடன்பட்டான், தந்தையின் சொத்துக்கு ஆசைப்பட்டு அவரைக் கொன்றான், பின்னர்த் தானே காவலரிடம் சென்று தந்தையைக் காணவில்லை என்று முறையிட்டான். இதுவே அவன்மீது சாட்டிய குற்றம். முற்றத்து வடிகாலிலே பிணம் கிடைத்தது. வெட்டுண்ட தலை உடலோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. தலைக்கடியில் ஒரு தலையணையும் இருந்தது. அவன் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் குடிப்பெருமையும் பதவியும் பறிபோயின; இருபது ஆண்டுக் கடுந்தண்டனையும் கிடைத்தது.

இவனைத் தாஸ்தாவ்ஸ்கி 'மரண வீட்டின் குறிப்புகள்' என்னும் நூலின் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்துகிறார். சிறையிலே அவன் எப்பொழுதும் உல்லாசமாகவே இருந்தானாம். ஒருநாள் உடல்நலத்தைப் பற்றிய பேச்சிலே, தன் குடும்பத்தார் அனைவரும் உரமான உடலினர் என்றும், தன் தந்தையும் இறக்கும்வரை நோயென்று படுத்ததில்லை என்றும் இயல்பாகச் சொன்னானாம். கேட்டவருக்கு உடல் நடுங்கிற்று. கொன்ற தந்தையைப் பற்றி இப்படியும் ஒருவன் பேச முடியுமா? இது வெறுங்குற்றமன்று, உடலிலும் உள்ளத்திலும் ஏதோ ஊனம், விலங்குத்தன்மை என்று நூல் முடிவு கட்டுகிறது. அக்குற்றத்தைத் தாம் நம்ப விரும்பவில்லை என்றும், அவனுடைய ஊரார் எல்லா விவரங்களையும் சொன்னபின் நம்பாதிருக்க இயலவில்லை என்றும் கதை சொல்பவர் கூறுகிறார்.

அந்நூல் 1860 முதல் 1862 வரை இதழ்களிலே தொடராக வெளிவந்தது. இரண்டாம் பாகத்தின் ஏழாம் இயல் ஓர் அறிவிப்போடு தொடங்குகிறது. சைபீரியாவிலிருந்து செய்தி வந்துள்ளது. அந்தக் கைதி குற்றமற்றவன். உண்மைக் கொலைஞர் அகப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பத்தாண்டுகள் வீணே துன்புற்ற அவன் விடுதலையானான்.

அறிவிப்பு மிகச் சிறியது. ஆனால் அதைப் படித்தபின் முதல் இயலுக்குத் திரும்பிச் செல்லும் வாசகர் அங்கே முற்றிலும் வேறொரு மனிதனைக் காண்பர். அன்று விலங்குத்தன்மையாகத் தோன்றியது எது? கொலை செய்யாதவனின் இயல்பு நிலை. தந்தையைப் பற்றி அவன் கூசாமல் பேசியதற்குக் காரணம், கூசுவதற்கு அவனிடம் ஒன்றும் இல்லாமையே. குற்றம் செய்தவன் வருந்தவேண்டும். வருந்தாதவன் கொடியவன் என்னும் அளவுகோலைக் கையிற்கொண்டு அவனை அளந்தார் எழுத்தாளர். அளவுகோல் சரியானதே, அளக்கப்பட்ட பொருள்தான் வேறு. நீதிமன்றம் செய்த பிழையை, அதே சிறையில் அவனோடு வாழ்ந்தவரும் செய்தார். மனித உள்ளத்தை ஊடுருவிப் பார்ப்பதில் உலகப்புகழ் பெற்றவர் அவர் என்பதை எண்ணும்போது இதன் கனம் விளங்கும்.

இந்நூலைத் தன்வரலாறு என்பதா, புதினம் என்பதா என்ற வினா பழமையானது. தாஸ்தாவ்ஸ்கி 1849ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பெத்ராஷெவ்ஸ்கி குழுவினருடன் கைதானார். அவர்மீது கூறப்பட்ட குற்றங்களுள் முதன்மையானது, திறனாய்வாளர் பெலின்ஸ்கி கோகலுக்கு எழுதிய கடிதத்தைக் கூட்டத்திலே படித்தது. ஒரு கடிதத்தைப் படித்ததற்கு மரணதண்டனை! அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள் கொலைக்களத்திலே நிறுத்தப்பட்டு, இறுதி நேரத்தில் தண்டனை மாற்றி அறிவிக்கப்பட்டது. அந்த மன்னிப்பு முன்னரே முடிவாகியிருந்ததென்பதும், களத்திலே நடந்தது அச்சுறுத்துவதற்கான நாடகம் என்பதும் பின்னர்த் தெரிந்தன. நான்காண்டுகள் ஓம்ஸ்க் சிறையிலே விலங்கோடு கழிந்தன. அதன்பின் சாதாரணப் படைவீரராகப் பணி.

ஆயினும் நூலிலே பேசுபவர் அவரல்லர். மனைவியைக் கொன்று சிறைசென்ற கோர்யான்சிகவ் என்னும் ஒருவர் எழுதி வைத்துவிட்டு இறந்த ஏடுகளை வேறொருவர் கண்டெடுத்து வெளியிடுவதாக அமைத்தார். தணிக்கைக்கு அஞ்சிப் போட்ட முகமூடி இது. பல இடங்களில் முகமூடி நழுவுகிறது. மனைவியைக் கொன்றவர் என்பதே மறந்து, அரசியல் கைதியின் குரல் வெளிப்படுகிறது. ஆசிரியரும் அதைப் பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை. ஆனால் தீர்ப்பைத் திருத்தவேண்டிய இடத்திலே முகமூடி ஓர் இடர்ப்பாட்டைத் தந்தது. கோர்யான்சிகவ் இறந்துவிட்டார், இறந்தவர் தம் பிழையைத் திருத்த இயலாது. எனவே 'வெளியிடுவோர்' வந்து பேச நேர்ந்தது. நினைவுக் குறிப்பை எழுதியவர் தவறான தீர்ப்போடு கண்மூடிவிட்டார் என்பதே கதையமைப்பின்படி கொள்ளத்தக்க பொருள். இதனை ஆசிரியர் திட்டமிட்டுச் செய்யவில்லை. வாழ்க்கை செய்தது.

நீதியைப் பற்றி அந்நூல் எழுப்பும் வேறொரு வினாவும் குறிக்கத்தக்கது. ஒருவன் வழிப்போக்கனைக் கொன்றான். மடியைத் தடவினால் கிடைத்தது ஒரு வெங்காயம். இன்னொருவன் தன் மனைவியையோ மகளையோ கெடுக்க வந்த கொடியவனைக் கொன்றான். இருவருக்கும் ஒரே சிறை, ஒரே விலங்கு. அந்த ஒரே தண்டனையும் இருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. வெளியில் பட்டினி கிடந்தவனுக்குச் சிறைச்சோறு ஆறுதல். மனச்சான்று உள்ளவனுக்கோ, எந்த நீதிபதியும் விதிக்காத தண்டனை இரவுதோறும் உள்ளேயே நடக்கிறது. சட்டம் எடை போடும் தராசிலே இவற்றுக்குத் தட்டு இல்லை. (அந்த வெங்காயம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் 'கரமசோவ் சகோதரர்கள்' நூலிலே திரும்பி வருகிறது. அங்கே, வாழ்நாளில் ஒரே ஒரு வெங்காயத்தைப் பிச்சையிட்ட கிழவியின் கதையாக அது மாறியிருக்கிறது. கொலையின் விலையாக இருந்த பொருள் கருணையின் அளவாயிற்று.)

சைபீரியப் பொதுமக்கள் கைதிகளைக் குற்றவாளிகள் என்று அழைப்பதில்லை. பாவப்பட்டவர் என்றே சொல்வர். காவலனோடு தனியே நடந்துவரும் கைதியின் பின்னே ஒரு சிறுமி ஓடிவந்து கால் கோபெக் காசு ஒன்றைக் கையில் வைத்துவிட்டுத் தாயிடம் ஓடிப்போகிறாள். அந்தக் காசை அவர் நெடுநாள் செலவழிக்காமல் வைத்திருந்தாராம். நீதியைப் பற்றிய ஆராய்ச்சி நூல்கள் பலவற்றிலும் இடம்பெறாத சான்று இது.

தந்தையைக் கொன்றதாகச் சிறையிருந்தவன் வரலாற்றிலே இலின்ஸ்கி என்னும் பெயருடையவன். தாஸ்தாவ்ஸ்கி அவனை மறக்கவில்லை. 1874இல் ஒரு நாடகத்துக்காக எழுதிய குறிப்பிலே, செய்யாத கொலைக்காகச் சிறைசென்ற அண்ணனும் உண்மைக் குற்றவாளியான தம்பியும் வருகின்றனர். நாடகம் எழுதப்படவில்லை. 1879, 1880ஆம் ஆண்டுகளிலே 'கரமசோவ் சகோதரர்கள்' வந்தது. அதிலே தண்டனை பெறும் மூத்தவன் திமித்ரி, வீட்டார் வழக்கில் மித்யா, இலின்ஸ்கியைப் போலவே படையிலே பணிபுரிந்தவன், ஊதாரி, தந்தையோடு பணத்துக்காகச் சச்சரவிட்டவன்.

இடைப்பட்ட காலத்திலே ருஷ்ய நாட்டின் நீதிமுறை மாறிவிட்டது. இலின்ஸ்கியின் காலத்தில் வழக்குகள் மூடிய அறைகளில் ஏடுகளைக்கொண்டே முடிவாயின. 1864ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் திறந்த மன்றத்தையும், வழக்கறிஞரின் வாதத்தையும், பன்னிருவர் கொண்ட ஜூரியையும் கொணர்ந்தது. (ஜூரி முறையை இந்நாட்டு இளைஞர் கண்டிருக்க மாட்டார்கள். சிங்கப்பூரில் 1969ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தாலும், மலேசியாவில் 1995ஆம் ஆண்டிலும் அது நீங்கிற்று.) மித்யாவின் வழக்கு இந்தப் புதிய மன்றத்திலே, ஊரே திரண்டிருக்க நடைபெறுகிறது. நான்கு அலுவலர், இரண்டு வணிகர், ஆறு குடியானவரும் நகரத்துத் தொழிலாளரும் ஜூரியாக அமர்கின்றனர். மூடிய அறையில் நடந்த பிழையே திறந்த மன்றத்திலும் நடக்கிறது!

எவ்வாறு நடக்கிறது என்பதைக் காட்டுவதிலேதான் புதினத்தின் தனியாற்றல் இருக்கிறது. பொய்ச்சாட்சி சொல்வோர் மன்றத்திலே பெரும்பாலும் இல்லை. கிழ வேலைக்காரன் கிரிகோரி நேர்மையாளன். தோட்டத்துக் கதவு திறந்திருந்ததைக் கண்டதாகச் சொல்கிறான். உண்மையில் கதவு அப்போது மூடியிருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. தவறாகக் கண்டான், அதில் உறுதியாக நிற்கிறான். மித்யா பித்தளைச் சிற்றுலக்கையை எடுத்துக்கொண்டு ஓடியது உண்மை. குடிமயக்கத்தில் தந்தையைக் கொல்வேன் என்று கடிதம் எழுதியது உண்மை. கையில் இரத்தத்தோடு பணத்தை வாரி இறைத்தது உண்மை. உண்மைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வீடு பொய்யாக நிற்கிறது. கொலை செய்த ஸ்மெர்தியாக்கவ் விசாரணைக்கு முந்திய இரவிலே தூக்கிட்டுக்கொள்கிறான். உண்மையை அறிந்த ஒரே மனிதனாகிய இவான் மன்றத்திலே எழுந்து அதை வெளிப்படையாகச் சொல்கிறான். பணத்தையும் எடுத்து வைக்கிறான். அவனுக்கு மூளைக்காய்ச்சல் என்று வெளியே கொண்டு செல்கின்றனர். அந்த மன்றத்தில் உண்மை ஒருமுறை பேசிற்று. பைத்தியம் என்று பெயர் வாங்கிற்று.

பேர்பெற்ற வழக்கறிஞர் ஃபெத்யுக்கோவிச் வாதிடும் பகுதி இன்னும் கூர்மையானது. உளநூல் என்பது இருமுனைக் கோல், எந்தப் பக்கமும் திருப்பலாம் என்று அவர் அரசு வழக்கறிஞரின் வாதத்தை உடைக்கிறார். அவர் சொல்வனவெல்லாம் சரியே. இடையிலே, கொன்றிருந்தாலுந்தான் என்ன, அத்தகைய தந்தை தந்தையாவாரா என்று வாதத்தைத் திருப்புகிறார். தம் கட்சிக்காரன் குற்றமற்றவன் என்பதில் அவருக்கே நம்பிக்கை இல்லை என்பது அங்கே வெளிப்படுகிறது. குற்றம் சாட்டுவோரும் காப்போரும் ஒரே பிழையான நம்பிக்கையில் நின்று சண்டையிடுகின்றனர். குடியானவர் ஆறு பேரும் இதை உணர்ந்துவிட்டனர் போலும். அவர்கள் அசையவில்லை.

தமிழ் வாசகருக்கு இந்நிலை புதிதன்று. கோவலன் கையிலிருந்தது கண்ணகியின் சிலம்பு என்பதைச் சிலப்பதிகாரம் படிப்போர் அறிவர்; பாண்டியன் அறியான். நூலோர் வாசகரை முன்னரே சாட்சியாக அமர்த்திவிடுகின்றனர். ஆனால் மதுரையிலே உண்மை வெளிப்பட்ட கணத்தில் அரசன் உயிர் நீங்குகிறது. பிழையும் அதன் விலையும் ஒரே அவையிலே முடிகின்றன. தாஸ்தாவ்ஸ்கியின் ஊரிலே உண்மை வெளிப்படுவதே இல்லை. நீதிபதிகள் வீடு செல்கின்றனர். மித்யாவுக்கு இருபதாண்டுச் சுரங்கம் என்று படிக்கட்டில் நின்று ஊரார் கணக்கிடுகின்றனர்.

நினைவுக் குறிப்பு தராத ஒன்றைப் புதினம் இங்கே தந்துவிட்டது. 'மரண வீட்'டிலே எழுத்தாளர் வெளியே நின்று பார்த்தார், ஏமாந்தார். புதினத்திலே அவர் கைதியின் உள்ளத்தே நின்று ஊராரின் ஏமாற்றத்தைப் பார்க்கிறார். முன்பு தாம் அமர்ந்திருந்த இடத்திலே இப்போது ஜூரியை அமர்த்தியிருக்கிறார் என்று சொல்வது மிகையாகாது. அந்தப் பன்னிருவரைக் கேலிசெய்யாமல் எழுதியிருப்பதற்கும் இதுவே காரணமாகலாம்.

எழுத்தால் ஒரு தீர்ப்பு மாறியதும் அவர் வாழ்விலே உண்டு. கொர்னீலவா என்னும் கருவுற்ற இளம்பெண் தன் கணவனின் ஆறு வயது மகளை நான்காம் மாடிச் சன்னலிலிருந்து தள்ளினாள்; குழந்தை பிழைத்தது. தண்டனை விதித்தனர். கருவுற்ற நிலையின் மனக்குழப்பத்தை ஆராய வேண்டுமென்று 1876இல் தம் 'எழுத்தாளன் நாட்குறிப்பு' இதழிலே தாஸ்தாவ்ஸ்கி எழுதினார். சிறைக்கும் சென்று அவளைக் கண்டார். தீர்ப்பு நீக்கப்பட்டு, 1877 ஏப்ரலில் மறுவிசாரணையிலே அவள் விடுதலையானாள். கரமசோவ் வழக்கை எழுதிய கை, ஜூரியால் நன்மை விளைந்ததையும் கண்ட கை.

டால்ஸ்டாயின் வழக்கு வேறு வகையானது. அவருடைய 'புத்துயிர்ப்பு' 1899இல் வெளிவந்தது. கதையின் வித்து அவருடையதன்று. சட்ட அறிஞர் கோனி 1887இல் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். குடிமயக்கத்திலிருந்த விருந்தாளியிடம் பணம் திருடியதாக ஒரு விலைமகளின்மீது வழக்கு, ஜூரியில் அமர்ந்திருந்த உயர்குடியாளர் ஒருவர் அவள் தம்மால் கெடுக்கப்பட்டவள் என்று அறிந்தார், மணக்க விரும்பினார், அவளோ சிறையிலேயே நோயுற்று இறந்தாள். இதுவே நெஹ்லூதவ் - மாஸ்லவா கதையாக வளர்ந்தது.

கோனியின் நிகழ்ச்சியைத் தம் கதைக்குப் பொருத்தும்போது டால்ஸ்டாய் வழக்கின் மையத்திலே ஒன்றை வைத்தார்: விட்டுப்போன சில சொற்கள். மாஸ்லவா நஞ்சென்று அறியாமல் பொடியைக் கொடுத்தாள் என்று ஜூரியினர் ஒப்புகின்றனர்; விடையெழுதும்போது, உயிரைப் போக்கும் நோக்கமின்றி என்று சேர்க்க மறந்துவிடுகின்றனர். அவ்வாறு சேர்க்கலாம் என்று நீண்ட உரையாற்றிய தலைமை நீதிபதியும் சொல்ல மறந்துவிட்டார். ஆறு மணிக்குள் செந்தலைச் சுவிட்சர்லாந்துப் பெண்ணொருத்தியைக் காணச் செல்லும் அவசரம் அவருக்கு. வயிற்றுநோயுள்ள மற்றொரு நீதிபதி, அறைக்கதவிலிருந்து இருக்கைவரை உள்ள காலடிகள் மூன்றால் வகுபட்டால் நோய் தீருமென்று எண்ணிக்கொண்டு வருகிறார். இருபத்தாறாகும்போலிருக்கவே ஒரு சிற்றடி வைத்து இருபத்தேழாக்கிக்கொள்கிறார். மாஸ்லவாவுக்கு நான்காண்டுக் கடுந்தண்டனை. பாண்டியன் உயிரையே விட்டான். இங்கே ஒருவரும் ஒருவேளை விருந்தைக்கூட விடவில்லை.

சொற்கள் விட்டுப்போதல் என்னும் இந்தக் கற்பனைக்கு டால்ஸ்டாயின் வாழ்விலே ஒரு வேர் இருந்திருக்கக்கூடும். 1866ஆம் ஆண்டு கோடையில், அவருடைய ஊரின் அருகே தங்கியிருந்த காலாட்படையில் ஷபூனின் என்னும் எழுத்தர் தம் மேலதிகாரியை அறைந்துவிட்டார். படைச்சட்டப்படி மரணதண்டனை. டால்ஸ்டாய் அவருக்காக வாதாடினார், தோற்றார். உடனே அரசவையில் செல்வாக்குடைய தம் உறவினர் அலெக்சாந்திரா அம்மையாருக்கு மன்னிப்பு வேண்டி எழுதினார். கைதி எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதைக் கடிதத்திலே குறிக்க மறந்துவிட்டார். அமைச்சர் அதைக் காரணங்காட்டினார், காலம் கடந்தது, ஆகஸ்டு திங்களில் ஷபூனின் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இதைப் பற்றி டால்ஸ்டாய் விரிவாக எழுதியது நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1908இல், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பிரியுக்கோவ் என்பாருக்கு வரைந்த கடிதத்திலேதான். செல்வத்தின் இழப்பும் உறவினரின் மறைவும்கூடத் தம் வாழ்வை இவ்வளவு மாற்றவில்லை என்று எண்பது வயதிலே அவர் சொல்கிறார். குற்றம் சுமத்துவது யார்மீது? முதலில் தம்மீதே. மனிதனைக் கொல்லலாகாது என்று நேரே சொல்லாமல் சட்டப் பிரிவுகளை அடுக்கி வாதாடியதையும், பேசும்போது கண்ணீர் விட்டதையும் வெட்கத்தோடு நினைவுகூர்கிறார். மன்றத்தில் அமர்ந்தவர்கள் அவருடைய வீட்டுக்கு வந்து பழகிய அதிகாரிகள். வழக்கைப் பற்றிச் சொல்லி வாதாடும்படி கேட்டவர்களும் அவர்களுள்ளவரே. கொடியவர் என்று ஒருவரையும் அக்கடிதம் காட்டவில்லை. நல்ல மனிதர்கள் கூடிச் சட்டப்படி ஒருவனைக் கொன்றனர், அவ்வளவே.

'புத்துயிர்ப்பு' நூலின் குறை இங்கே தெளிவாகிறது. அதன் நீதிபதிகள் ஏறக்குறைய அனைவருமே கேலிச்சித்திரங்கள். மேல்முறையீட்டு மன்றத்திலும் அவ்வாறே. டார்வின் கொள்கையாளரான உறுப்பினர் ஒருவர், உயர்குடியாளர் ஒருவர் ஒழுக்கத்தின் பெயரால் விலைமகளை மணக்க முனைவதே அருவருப்பாக இருக்கிறது என்பதற்காக மாஸ்லவாவுக்கு எதிராக நிற்கிறார். படிக்கும்போது நகைப்பு எழுகிறது. ஆனால் அந்த நகைப்பு வாசகரை நீதிபதிகளிடமிருந்து விலக்கி, நாம் அத்தகையவர் அல்லேம் என்னும் ஆறுதலையும் தந்துவிடுகிறது. 1908ஆம் ஆண்டுக் கடிதத்திலே அந்த ஆறுதல் இல்லை. இறுதி இயலைப் பற்றிச் செகாவ் கூறிய குறை இன்னும் பெயர்பெற்றது: கதைக்கு முடிவே இல்லை, எல்லாவற்றையும் விவிலிய வாசகம் ஒன்றால் தீர்த்துவிடுவது தன்விருப்பான முடிவு என்றார். அதனை மறுப்பது கடினம்.

எனினும் மாஸ்லவா என்னும் படைப்பு இக்குறைகளுக்கெல்லாம் மேலே நிற்கிறது. கோனி சொன்ன பெண் சிறையிலேயே இறந்தாள். டால்ஸ்டாய் அவளை வாழவைத்தார். நெஹ்லூதவின் கைக்கு ஒப்புவிக்கவுமில்லை. தன்னை வைத்து அவன் தன் பாவத்தைக் கழுவிக்கொள்ளப் பார்க்கிறான் என்று சிறையிலே அவள் சினந்து சொல்லும் இடமே நூலின் உச்சி. அரசன் தண்டனையைக் குறைத்தபோதும் அவள் அவனோடு செல்லவில்லை. சிமன்சன் என்னும் அரசியல் கைதியோடு சைபீரியாவிலேயே தங்குகிறாள். தவறிழைத்தவனின் மனந்திருந்தலே தவறுண்டவளுக்கு ஈடாகும் என்னும் கணக்கை அவள் ஏற்கவில்லை. இதனை எழுதியவர் இளமையிலே தம் குடும்பத்துப் பணிப்பெண்ணொருத்திக்குத் தீங்கிழைத்ததாகப் பின்னாளில் பிரியுக்கோவிடமே ஒப்புக்கொண்டவர். அந்நூலால் வந்த பொருளைச் சமயக் கொள்கைக்காகத் துன்புறுத்தப்பட்ட துகபோர் மக்கள் கனடாவிற் குடியேறுவதற்குக் கொடுத்தார்.

'மரண வீட்டின் குறிப்புகள்' தனிநூலாக வந்தபோது முதல் இயலிலுள்ள கொடிய தீர்ப்பை அடித்துவிடுவது எளிதாக இருந்தது. தாஸ்தாவ்ஸ்கி அதைச் செய்யவில்லை. தலையணையும், உல்லாசப் பேச்சும், விலங்குத்தன்மை என்ற முடிவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அந்நூலை இன்று திறப்பவரும் முதலில் அவனை வெறுக்கின்றனர்; நூலின் பெரும்பகுதியைக் கடந்தபின்பே, அவன் விடுதலையான செய்தி அவர்களை வந்தடைகிறது.